லெக்சிகனுக்கு ஒரு சோதனை: 'எழுதுகிறவன்' எத்தனை பேர்?

அகராதியை எடைபோட அரிய சொல் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. எல்லாரும் அறிந்த தொழில் ஒன்றின் பெயரைக் கொடுத்துப் பார்த்தால் போதும். இங்கே எடுத்துக்கொண்டது பிறருக்காக எழுதுகிற ஆளின் பெயர். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுகிறவன், மன்னன் வாய்மொழியை ஓலையில் ஏற்றுகிறவன், ஊர்க் கணக்கு எழுதுகிறவன், காவல் நிலையத்தில் புகாரைப் பதிகிறவர் எல்லாரும் இதில் அடக்கம். ஆங்கிலம் இவர்களில் பாதிப் பேரை 'ஸ்கிரைப்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். தமிழில் ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு காலம், ஊர், பதவி.

சோதனைக்கு உட்பட்ட சேவை, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் இணைய வடிவம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதிகள் திட்டம் இதை நடத்துகிறது. கட்டணம் இல்லை, பதிவு செய்து நுழைய வேண்டியதில்லை, விளம்பரத் தொல்லையும் இல்லை. அச்சில் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த 1,04,405 சொற்கள், 1939 வாக்கில் முடிந்த அனுபந்தத்தில் மேலும் 13,357. 1926 முதல் வேலையை நடத்தி முடித்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். தட்டச்சரையும் இளநிலை உதவியாளரையும் இதில் தேடுவது வீண்.

முதலில் பலர் இடறி விழும் படி. 'எழுத்தாளர்', 'கணக்கர்', 'கரணிகர்' என்று மரியாதை விகுதியோடு தட்டிவிட்டு, 'இல்லை' என்று பதில் வந்ததும் அகராதியைக் குறை சொல்வார்கள். லெக்சிகன் ஆளைக் குறிக்கும் சொற்களைப் பெரும்பாலும் ஆண்பால் ஒருமையில்தான் தலைச்சொல்லாக வைக்கும். எழுத்தாளன், கணக்கன், கரணிகன் என்று தேடுங்கள். இரண்டாவது படி, ரகர லகரத்தில் தொடங்கும் சொற்கள். அவற்றுக்கு முன்னால் இகரமோ உகரமோ சேர்த்து எழுதுவது பழைய வழக்கம். ராயசம் கிடைக்காவிட்டால் இராயசம் என்று தேடுங்கள். லிகிதம் (கடிதம்), லேககன் (எழுதுகிறவன்) என்பவற்றுக்கும் இலிகிதம், இலேககன் என்ற வடிவங்களைப் பார்க்காமல் கைவிடக் கூடாது. இரண்டு வடிவங்களிலும் பதிவு இருந்தால் ஒன்றில் முழு விளக்கமும் மற்றதில் 'அதைப் பார்' என்ற குறிப்பும் இருக்கும்.

மூன்றாவது, தட்டச்சு சார்ந்தது. 'பொத்தகம்' என்பதில் உள்ள 'பொ' சில பழைய கோப்புகளிலிருந்து ஒட்டும்போது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வந்து விழும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடுபெட்டிக்குத் தெரிந்துவிடும். ஸ்கேன் செய்த பிடிஎப்பிலிருந்து எடுத்த சொல்லானால் 'ர' வரவேண்டிய இடத்தில் கால் வந்திருக்கும். கரணம் 'காணம்' ஆகிவிடும். காணமும் நல்ல தமிழ்ச் சொல்தான், பழைய பொற்காசுக்கும் கொள்ளுக்கும் அதுவே பெயர். ஆகவே அகராதி தயங்காமல் பதில் சொல்லும், நீங்களும் ஊர்க் கணக்குப் பிள்ளையைக் கொள்ளு மூட்டையாக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள். ஒட்டுவதை விட்டுக் கையால் தட்டுவதே உத்தமம்.

இனிச் சொற்களுக்கு வருவோம்.

'எழுது' என்ற வேரிலிருந்து தொடங்கினால் லெக்சிகன் தன் பலத்தைக் காட்டுகிறது. எழுதுவது எழுத்தை மட்டுமல்ல. ஓவியமும் எழுதப்படும், கண்ணுக்கு மையும் எழுதப்படும். குறள் 1285இல் 'எழுதுங்கால் கோல்' என்று வரும் கோல், மை தீட்டும் கோல். இந்த இரண்டு பொருளும் வினையிலேயே இருப்பதால், எழுத்துக்காரன் என்ற பெயர் கணக்கு எழுதுகிறவனையும் குறிக்கும், துணியில் சித்திரம் எழுதுகிறவனையும் குறிக்கும். பழைய வணிக ஆவணத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் சுற்றியிருக்கும் சரக்கைப் பாருங்கள். சாயமும் துணியும் பேசப்பட்டால் அவன் கணக்கன் அல்லன்.

எழுத்தாளன் என்ற சொல்லைப் புதுச்சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் மன்னனின் முடங்கல், அதாவது ஓலைக் கடிதம், எழுதுவோர் 'கண்ணெழுத்தாளர்' எனப்படுகிறார்கள். ஆக, தொழிலாக எழுதியவனை எழுத்தாளன் என்பது பழைய வழக்கே. ஆனால் இன்றைய வாசகனுக்கு எழுத்தாளர் என்றால் கதை எழுதுபவர், பரிசு வாங்குபவர். வரலாற்று நாவலை மொழிபெயர்க்கிறவர் 'அரண்மனை எழுத்தாளர்' என்று போட்டால், வாசகன் மன்னருக்கு வேண்டிய நாவலாசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வான். லெக்சிகன் இந்த வழுக்கலைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. அது அச்சேறிய காலத்துக்குப் பிறகுதான் அந்தச் சொல் முற்றிலும் இலக்கியக்காரர் கைக்குப் போனது.

'கணக்கன்' இன்னும் வளமான இடம். கணக்கு என்றதும் எண் நினைவுக்கு வருகிறது, ஆனால் பதினெண்கீழ்க்கணக்கு என்ற தொகுப்பில் கணக்கு என்பது நூல். கணக்காயர் என்றால் ஓதுவிக்கும் ஆசிரியர். நக்கீரர் 'கணக்காயனார் மகனார்' என்று குறிக்கப்படுவது அதனால்தான். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் வரும் சமயக்கணக்கர்கள் வரவுசெலவு பார்ப்பவர்கள் அல்லர், தத்தம் சமயநூலைக் கற்று வாதாடுகிறவர்கள். எழுத்து, எண், நூல், கல்வி ஆகிய நான்கும் ஒரே சொல்லில் புழங்கிய காலம் அது. பின்னால் அந்தச் சொல் வரவுசெலவுக்குள் சுருங்கி, மரியாதைக்குப் 'பிள்ளை' சேர்ந்து கணக்கப்பிள்ளை ஆனது. அதே கணக்கப்பிள்ளை கம்பெனிக்கார வெள்ளையர் நாக்கில் 'கானிகோப்பொலி' ஆனார். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அவரே தொழிலாளரை மேய்க்கும் அதிகாரி. கணக்கன் என்ற பதிவை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கணக்கு, கணக்காயன், கணக்கப்பிள்ளை என வரிசையாகப் படித்தால்தான் படம் முழுமையாகும். இணைய வடிவத்தின் ஒரு குறை இங்கே உறைக்கிறது. அச்சுப் பிரதியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் உறவுச் சொற்கள் அத்தனையும் கண்ணெதிரே இருக்கும். இணையத்தில் கேட்டது மட்டும்தான் வரும். சொல்லின் முன்பகுதியை மட்டும் கொடுத்து, அதில் தொடங்குவன எல்லாவற்றையும் வரவழைத்தால் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம்.

கரணம்தான் உண்மையான தேர்வு. ஒரே ஒலி வடிவில் எத்தனை பொருள்! புலன், மனம், கருவி, தொல்காப்பியம் சொல்லும் மணச்சடங்கு, நாட்டியத்தின் நூற்றெட்டு நிலைகள், பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகளில் ஒன்று, குட்டிக்கரணம், பத்திரம், பத்திரம் எழுதுகிறவன். நமக்கு வேண்டியது கடைசி இரண்டு மட்டுமே. லெக்சிகனில் வடிவம் ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் இருக்கும் சொற்களுக்குத் தலையில் சிற்றெண் போட்டிருப்பார்கள். ஒரே பிறப்பின் பல பொருள்களுக்குப் பதிவுக்குள் வரிசை எண் இருக்கும். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். மேற்கோள் காட்டும்போது இரண்டையும் குறிக்காவிட்டால், எந்தக் கரணத்தைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியாது.

பத்திரத்துக்கும் ஆளுக்கும் உள்ள உறவைப் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் காட்டிவிடுகிறது. சுந்தரர் தன் அடிமை என்று வழக்காடும் முதியவர் (வேடமிட்டு வந்த சிவன்) திருவெண்ணெய்நல்லூர் அவையில் நீட்டும் அடிமை ஓலையை வாங்கி, மடிப்பை விரித்து, அதன் பழமையைப் பார்த்து, எல்லாரும் கேட்கப் படிக்கிறவன் கரணத்தான். சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை, முதியவர் பத்திரமாக வைத்திருந்தது மூலவோலை. சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஏட்டோடு ஒப்பு நோக்கித்தான் தீர்ப்பு. நகல், மூலம், ஒப்புநோக்கு ஆகிய மூன்று பதிவலுவலகச் சொற்களுக்கும் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. கவனியுங்கள், கரணத்தான் இங்கே எழுதவே இல்லை. ஆவணத்தைச் சரிபார்த்துப் படிப்பது அவன் வேலை. 'எழுதுகிறவன்' என்ற ஒற்றை விளக்கத்தோடு இந்தச் சொல்லை எடுத்துச் செல்கிறவர் அந்த அதிகாரத்தைத் தவறவிடுவார். இதே குடும்பத்துக் கர்ணம், தமிழ்நாட்டுக் கிராமங்களில் 1980 வரை ஊர்க் கணக்கு எழுதிய பதவி. அவ்வாண்டு அவசரச் சட்டத்தால் பரம்பரை வழிவந்த அப்பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கிழவர்கள் வாயில் இன்னும் கர்ணம்தான்.

சோழர் கால அலுவலகத்துக்குள் நுழைந்தால் 'இணைச்சொல்' என்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதை எழுதுகிறவர் திருமந்திர ஓலை. அதைப் பார்த்து ஒப்புக்கொள்கிறவர் திருமந்திர ஓலை நாயகம். 'நம் ஓலை எழுதும்' இன்னார் எழுத்தினாலும், 'நம் ஓலை நாயகன்' இன்னார் ஒப்பினாலும் என்றுதான் ஆணைகள் பேசுகின்றன. பிறகு வரிக்கணக்கில் ஏற்றப் புரவுவரித் திணைக்களத்தார் வருவார்கள். வரிப்பொத்தகம், முகவெட்டி, கீழ்முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்று அங்கே ஒரு படையே இருக்கிறது. பொத்தகமும் ஓலையும் பொருளின் பெயர்கள், ஆனால் ஆணையில் அவை அதை வைத்திருக்கும் ஆளையும் குறிக்கும். பிற்கால நாவல்களில் 'முகவெட்டி' முடிதிருத்துகிறவன்போல ஒலிப்பது தமிழின் துரதிருஷ்டம். முத்திரை இடும் பொறுப்பு என்பதே ஆய்வாளர் பலர் கொள்ளும் பொருள்.

ஊர்ச் சபைகளில் நிலைமை வேறு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகளில், சபையார் பணிக்க எழுதினேன் என்று முடித்துக் கையொப்பமிடுகிறவன் மத்தியஸ்தன். இன்று அந்தச் சொல்லுக்குச் சமரசம் பேசுகிறவர் என்று பொருள். அகராதியிலும் அந்தப் பொருளே முதலில் கண்ணில் படும். அதோடு நிறுத்திவிட்டால் கல்வெட்டின் கடைசி வரி புரியாது. கல்வெட்டில் இன்னொரு நுட்பம்: வாசகத்தை எழுதியவன் ஒருவன், கல்லில் வெட்டியவன் வேறொருவன். 'எழுதினேன்' என்பதையும் 'வெட்டினேன்' என்பதையும் ஒன்றாக்கினால் தச்சன் கணக்கனாகிவிடுவான். 'இவை என் எழுத்து' என்று வரும் இடத்தில் எழுத்து என்பது கையொப்பம்.

விஜயநகரம், மராட்டியர், நவாபு என ஆட்சி மாறமாறச் சொற்களும் வந்து குவிந்தன. ராயசம் என்பதை 'ராயர்' என்ற அரசப் பட்டத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றும். அது வேறு. தெலுங்கில் ராயு என்றால் எழுது. கடிதமும் ராயசம், எழுதுகிறவரும் ராயசம். குமாஸ்தா பாரசீகத்தில் முகவர், அதாவது ஒருவர் சார்பில் அனுப்பப்பட்டவர். தமிழில் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். வக்கீல் குமாஸ்தா மட்டும் இன்னமும் நீதிமன்றத்துக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே ஓடுவதால் பழைய பொருளைக் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்கிறார். முன்ஷி எழுத்தராகக் கிளம்பி, வெள்ளை அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் வாத்தியாரானார். ரைட்டர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிமட்டப் பதவி. 1744இல் சென்னைக்கு வந்தபோது ராபர்ட் கிளைவ் ரைட்டர்தான். இன்று அந்தச் சொல் தமிழ்நாட்டில் வாழும் இடம் காவல் நிலையம். அங்கே ரைட்டர் என்றால் பதிவேடுகளை வைத்திருக்கும் காவலர், யாரும் அவரிடம் கவிதை கேட்பதில்லை.

இதுவரை சேவைக்குப் பெரும்பாலும் பாராட்டு. தடுமாறும் இடம், நகல் எடுக்கிறவர். மூலத்தைப் பார்த்து அப்படியே எழுதுவதற்கு நல்ல வினைகள் தமிழில் உண்டு: படியெடு, பெயர்த்தெழுது. ஆனால் அவற்றைச் செய்கிறவருக்கு நிலைத்த ஒரு பெயர் இல்லை. ஏடெழுதுவோர் என்கிறார்கள் பதிப்பாசிரியர்கள், அவர்கள் செய்த பிழைக்கு லேககப் பிழை என்று பெயர். ஆளின் பெயர் நிலைக்காமல் போய், அவன் செய்த பிழையின் பெயர் மட்டும் நிலைத்திருப்பது கொஞ்சம் அநியாயம். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழியும் அவன் தலையில்தான் விழுகிறது. உண்மையில் குற்றம் பாதி எழுத்து முறையுடையது. ஓலை கிழியும் என்று புள்ளி வைப்பதில்லை. நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒரே வடிவம். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் பிரித்தறிய முடியாதவை. கரணமும் காணமும் ஏட்டில் ஒரே தோற்றம். எழு என்பதும் ஏழு என்பதும் அப்படியே. ஸ்கேன் கோப்பு இன்று செய்யும் பிழையை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதக் கை செய்திருக்கிறது.

அப்படியானால் அகராதிக்குள் ஒளிந்திருக்கும் சொற்களை எப்படி வெளியே எடுப்பது? தலைச்சொல்லில் மட்டும் தேடாமல் பதிவு முழுவதிலும் தேடும் வசதி இந்தச் சேவையில் உண்டு. அச்சுப் பிரதி தர முடியாத ஒரே பெரிய லாபம் இதுதான். லெக்சிகன் ஒவ்வொரு பொருளையும் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொல்வதால் இரண்டு வழியிலும் போகலாம். முதலில் ஆங்கில வழி. ஸ்கிரைப், கிளார்க், அக்கவுண்டன்ட், செக்ரடரி, காப்பியிஸ்ட் என்ற சொற்களை ஆங்கில எழுத்திலேயே ஒவ்வொன்றாக இடுங்கள். 1920களின் ஆங்கிலத்தில் கிளார்க்கும் அக்கவுண்டன்டும்தான் இந்தத் தொழிலுக்கு அதிகம் பயன்பட்ட சொற்கள் என்பதால் நல்ல அறுவடை அங்கேதான். ரைட்டர் என்று இட்டால் நூலாசிரியர்களும் உரைகாரர்களும் கலந்து வந்து பதர் கூடிவிடும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு தமிழ் வழி. லெக்சிகனின் தமிழ் விளக்கங்கள் 'வோன்', 'பவன்' என்று முடியும் நடையில் இருக்கும். 'எழுதுவோன்', 'எழுதுபவன்' என்று தேடிவிட்டு, அடுத்துக் 'கணக்கெழுது' என்று பாதியில் நிறுத்தித் தேடுங்கள். பதவி என்ற கோணத்தில் 'உத்தியோகஸ்த' என்ற அடியையும் ஒருமுறை இட்டுப் பார்க்கலாம், நிறைய வரும், பொறுமை வேண்டும்.

வந்து குவிந்ததைப் பிரிக்கும் வேலை இனித்தான் இருக்கிறது, அதற்குச் சுருக்கக் குறிகளைப் படிக்கத் தெரிய வேண்டும். பொருளுக்குப் பின்னால் சிலப்., குறள், பெரியபு. என்று நூற்பெயரும் எண்ணும் இருந்தால் அந்தப் பொருளில் சொல் உண்மையாக ஆளப்பட்டிருக்கிறது. திவா., பிங்., சூடா. (திவாகரம், பிங்கலம், சூடாமணி) என்று மட்டும் இருந்தால் அது நிகண்டுச் சாட்சி, அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பட்டியலின் சாட்சி. நிகண்டுகாரர் சொல்லைப் பட்டியலிட்டார் என்பதே அதற்குப் பொருள், யாரும் அப்படி எழுதினார் என்பதல்ல. நிகண்டுச் சொல்லை எடுத்து உரையாடலில் வைப்பது, கண்ணாடிப் பேழையிலிருந்து பாத்திரத்தை எடுத்துச் சமைப்பது போல. ஆங்கில 'டபிள்யூ' எழுத்து வின்ஸ்லோ அகராதியிலிருந்து எடுத்தது என்றும், 'ஜே' யாழ்ப்பாண வழக்கு என்றும் காட்டும். 'லோக்' என்ற சுருக்கம் வட்டார வழக்கு, 'நாஞ்' நாஞ்சில் நாடு. இவற்றைத் தாண்டி ஓடிப்போகும் மொழிபெயர்ப்பாளர், தஞ்சாவூர்க் கதாபாத்திரத்தை யாழ்ப்பாணத்தில் பேச வைத்துவிடுவார்.

பதிவில் பக்க எண் கொடுத்திருப்பது இந்தச் சேவையின் சிறிய, ஆனால் மதிக்கத்தக்க நேர்மை. தட்டெழுத்தில் ஏற்றும்போது புகுந்த பிழைகள் ஆங்காங்கே உண்டு. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கேன் படிமத்தில் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆறு தொகுதிகளும் இணைய நூலகங்களில் படிமமாகக் கிடைக்கின்றன. ஆய்வேட்டில் மேற்கோள் தருகிறவர்கள் படிமத்தைப் பார்க்காமல் தரக் கூடாது.

அதே தளத்தில் மற்ற அகராதிகளும் இருப்பதால் ஒப்பிடுவது எளிது. 1862இல் வந்த வின்ஸ்லோ பத்தொன்பதாம் நூற்றாண்டு அலுவலகச் சொற்களுக்கு நல்ல துணை. ஆனால் நூல் மேற்கோள் தராமல் சொல்லும் இடங்களே அதிகம், எந்தக் காலத்துச் சொல் என்று நாமே ஊகிக்க வேண்டும். பப்ரீசியஸ் அகராதி வேர்ச்சொல்லின் கீழே கூட்டுச்சொற்களை அடுக்குவது. அதில் எழுத்துக்காரனைத் தனியாகத் தேடாமல் எழுதுவதைச் சுற்றித் தேட வேண்டும். அந்த அடுக்கு முறைதான் அதன் அழகு, லெக்சிகனில் சிதறிக் கிடப்பதை இங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். பர்ரோவும் எமனோவும் செய்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இன மொழிகளுக்கு. மலையாளத்தின் எழுத்தச்சன் ஏன் பள்ளி ஆசான் ஆனான் என்று யோசிக்க வைப்பது அந்த வகைப் படிப்பு. பாவாணர் தொடங்கி 2011இல் நிறைவெய்திய செந்தமிழ்ச் சொற்பிறப்பியற் பேரகரமுதலி படங்களோடு விரிவாக இருக்கிறது. அதன் வேர் விளக்கங்களை மற்றொன்றோடு ஒப்பிடாமல் ஏற்றுக்கொள்வது நல்லதல்ல. தமிழ் விக்சனரியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். லெக்சிகனிலிருந்து எடுத்தது எது, ஆர்வலர் புதிதாகச் சேர்த்தது எது என்று பதிவுக்குப் பதிவு பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நிகண்டை நேரே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அகர வரிசையில் இல்லை, எதுகை வரிசையில் இருக்கிறது. இரண்டாம் எழுத்தைப் பார்த்துத்தான் தேட வேண்டும். கரணத்துக்கு ரகர எதுகை, கணக்குக்கு ணகர எதுகை. மனப்பாடம் செய்தவர்களுக்காக அமைந்த வரிசை அது. தொழிற்பெயர்கள் வேண்டுமானால் இரண்டாவதான மக்கட்பெயர்த் தொகுதிக்குப் போக வேண்டும்.

இன்றைய சொல் வேண்டுகிறவர்களுக்கு லெக்சிகன் உதவாது. அங்கே க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத்தான் எடுக்க வேண்டும். 1992, 2008, 2020 என மூன்று பதிப்புகள், கடைசியையே வாங்குங்கள். வாக்கியத்தோடு பொருள் சொல்வதும், பே.வ. (பேச்சு வழக்கு), அ.வ. (அருகிவரும் வழக்கு), இலங். (இலங்கை) என்று வழக்கைக் குறிப்பதும் லெக்சிகன் தராத வசதி. எழுத்தர், எழுத்தாளர் என்ற இரண்டுக்கும் இடையே இன்று விழுந்திருக்கும் கோடு அதில்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் அலுவலகப் பெயர்களில் அகராதியை நம்புவதைவிட அரசாணையையும் அறிவிக்கையையும் நம்புவது மேல். தமிழ்நாட்டில் பத்திரம் எழுதுகிறவர் பதிவுத்துறை உரிமம் பெற்ற ஆவண எழுத்தர், மக்கள் வாயில் பத்திர எழுத்தர். நீதிமன்றங்களின் வேலைவாய்ப்பு அறிவிக்கையில் நகல் பரிசோதகர், நகல் வாசிப்பாளர் என்ற பதவிகள் வருகின்றன. படியெடுக்கும் தொழில் அங்கே எழுதுவது, படிப்பது, ஒத்துப்பார்ப்பது என்று உடைந்திருக்கிறது, திருவெண்ணெய்நல்லூர் அவையில் இருந்தது போலவே. பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவருக்காக விடை எழுதுகிறவர் 'சொல்வதை எழுதுபவர்'. நீளமான பெயர், ஆனால் எதையும் மறைக்காத பெயர். இலங்கையில் அலுவலக கிளார்க் இலிகிதர் அல்லது எழுதுவினைஞர். தமிழ்நாட்டு வாசகருக்கு இலிகிதர் பழஞ்சொல்லாகத் தோன்றலாம், யாழ்ப்பாணத்தாருக்கு அது சம்பளப் பட்டியலில் உள்ள சொல். மலேசியத் தோட்டப்புறங்களில் அவரே கிராணி. தோட்டத்துக் கதையில் அவரைக் குமாஸ்தா என்று எழுதினால் அந்த மண்ணைச் சேர்ந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே யார் பயன்படுத்தலாம் என்ற கேள்விக்குப் பதில் இப்படித்தான் வரும். பழைய நூலோ கல்வெட்டோ படிக்கும்போது எதிர்ப்படும் சொல்லுக்குப் பொருள் காண, லெக்சிகன் இணைய வடிவத்துக்கு நிகராக வேறொன்று இலவசமாகக் கிடைக்காது. கதை எழுதுகிறவர் சொல் தேடி உள்ளே போனால், வெளியே வரும்போது கையில் இருபது பெயர்கள் இருக்கும், அவற்றில் ஒன்றுகூட மற்றதற்குப் பதிலாக நிற்காது. அவர் செய்ய வேண்டியது, கதை நடக்கும் நூற்றாண்டையும் ஊரையும் அந்த ஆள் உட்காரும் இடத்தையும் முதலில் தாளில் எழுதிக்கொள்வது. சோழ அரண்மனை என்றால் திருமந்திர ஓலை, ஊர்ச்சபை என்றால் மத்தியஸ்தன், நாயக்கர் கச்சேரி (அலுவலகம்) என்றால் ராயசம், ரப்பர் தோட்டம் என்றால் கிராணி. மடத்தில் உட்கார்ந்து ஏடு பார்த்து ஏடு எழுதுகிறவனுக்கு மட்டும் எந்த அகராதியும் பட்டப்பெயர் தேடித் தர வேண்டாம், 'ஏடு பெயர்த்தெழுதுகிறவன்' என்று அவன் செய்யும் வேலையையே எழுதிவிடலாம்.